கோட்டை பேண்டில் கேட்ட வயலின், எட்டயபுரத்தில் நிலைத்த இசை! யார் இந்த பாலுசுவாமி தீட்சிதர்? பேஸ் கிட்டாரிஸ்டுகள் ஏன் இவரைத் தெரிஞ்சுக்கணும்?

விருதுநகர் பங்குனிப் பொங்கலோ, சிவகாசி சித்திரைப் பொங்கலோ, மெல்லிசைக் கச்சேரி என்றால் கூட்டம் களைகட்டும். பாடகர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். கீபோர்டு வாசிப்பவரையும் டிரம்ஸ் அடிப்பவரையும்கூட ரசிகர்கள் அடையாளம் சொல்வார்கள். ஆனால், மேடை ஓரத்தில் பேஸ் கிட்டாரோடு நிற்பவர்? வீடு திரும்பும்போது அவர் முகம் பெரும்பாலும் யாருக்கும் நினைவில் இருக்காது. அதே ஆள் ஒரு சரணம் முழுக்க வாசிக்காமல் இருந்தால், பாட்டில் ஏதோ குறைகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பக்கத்தில் இருந்து வாசிப்பவர்களின் நிலைமை எப்போதுமே இதுதான். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு, இதே கரிசல் மண்ணில் அப்படி ஒருவர் வாழ்ந்தார். வெள்ளைக்காரர்களின் வாத்தியம் ஒன்றைக் கற்று, அதை நம் பாட்டுக்குப் பொருத்திய முன்னோடி அவர். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் உண்டு. அவருடைய புகழ்பெற்ற அண்ணனின் பாடல்கள் இன்று நம் கையில் இருப்பதற்கு, இந்தத் தம்பிக்குக் கிடைத்த ஒரு வேலையும் முக்கியக் காரணம்.

அவர்தான் பாலுசுவாமி தீட்சிதர். சிவகாசியில் இருந்து சாத்தூர், கோவில்பட்டி தாண்டிப் போனால் வரும் எட்டயபுரம்தான் அவர் வாழ்ந்து மறைந்த ஊர். பாரதியார் பிறந்த ஊர் என்றுதான் நமக்கு அது பழக்கம். பாரதி பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அந்த ஊர் அரண்மனையில் வயலின் ஒலித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் வாங்கியது மெட்டு, தம்பி எடுத்தது வாத்தியம்

பாலுசுவாமி 1786-ல் பிறந்தவர். குடும்பம் அப்போது திருவாரூரில் இருந்தது. அப்பா ராமசுவாமி தீட்சிதர் பெரிய இசை மேதை. ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று போற்றப்படுபவர். மூத்த அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர், 1775-ல் பிறந்தவர். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவர். கச்சேரிகளில் முதலில் பாடப்படும் 'வாதாபி கணபதிம்' இவருடையதுதான், அதுவும் அப்பாவின் ஹம்சத்வனியில். இன்னோர் அண்ணன் சின்னசுவாமி. பாலாம்பாள் என்று ஒரு சகோதரியும் உண்டு.

இப்படிப்பட்ட வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தால் என்ன ஆகும்? 11 வயது மூத்த அண்ணனே மேதை. அவரோடு போட்டி போடவே முடியாது. பாலுசுவாமிக்கு வேறு ஒரு வழி கிடைத்தது.

குடும்பம் சென்னைக்கு வடக்கே உள்ள மணலிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர்களை ஆதரித்தது மணலி முத்துகிருஷ்ண முதலியார் குடும்பம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவே நின்று காரியங்களை முடித்துத் தரும் துபாஷி வேலை பார்த்த குடும்பம் அது. அதனால் புனித ஜார்ஜ் கோட்டையில் நல்ல செல்வாக்கு. முத்துகிருஷ்ண முதலியாரின் மகன் சின்னையா முதலியார், சகோதரர்களைக் கோட்டைக்குக் கூட்டிப்போய் ஐரோப்பிய பேண்டு இசையைக் கேட்க வைத்தார்.

அதே இசையை இரண்டு பேரும் கேட்டார்கள். ஆனால், ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு மெட்டுகள் பிடித்தன. அந்த மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருதத்தில் எழுதிய சுமார் 40 சிறு பாடல்கள்தான் நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டில் உள்ள 'சந்ததம் பாஹிமாம்' அவற்றில் ஒன்று. தம்பிக்குப் பிடித்தது வாத்தியம். வயலின்!

சின்னையா முதலியார் ஓர் ஐரோப்பியரை ஏற்பாடு செய்ய, பாலுசுவாமி அவரிடம் மூன்று ஆண்டுகள் வயலின் கற்றார். கையில் கிடைத்ததும் நம் ராகத்தை வாசித்துப் பார்த்துவிட்டுப் போகவில்லை. அந்த வாத்தியத்தை, அது வந்த ஊர்க்காரரிடமே, அவர்கள் முறையிலேயே முதலில் படித்தார்.

பேஸ் வாசிப்பவருக்கு: புது பேஸ் வாங்கியதும் பிடித்த பாட்டின் 'டேப்' தேடுவது எல்லோரும் செய்வதுதான். ஆனால், அதற்கு முன் இரண்டு விஷயங்கள் கைக்கு வரணும். ஒன்று, வாசிக்காத தந்திகள் முனகாமல் இரண்டு கைகளாலும் அடக்குவது. இரண்டு, மெட்ரோனோமை மெதுவாக ஓடவிட்டு, ஒரே சுரத்தை ஒரே அளவு சத்தத்தில், ஒரே நீளத்தில் வாசிப்பது. கேட்க போர்தான். ஆனால், உங்களை அடுத்த கச்சேரிக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதை இது முடிவு செய்யும்.

வயலின் மட்டும் எப்படி செட் ஆச்சு?

கோட்டை பேண்டில் இருந்தது வயலின் மட்டும் அல்ல. ஊதும் வாத்தியங்களும் தாளக் கருவிகளும் இருந்தன. அவற்றில் வயலின் மட்டும் கச்சேரி மேடையின் நடுவே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் அதன் கட்டமைப்பு.

வீணையில் மெட்டுகள் உண்டு. கிட்டாரில் ஃபிரெட் இருப்பது போல. வயலினில் அது கிடையாது. விரல் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், வழுக்கலாம், அசையலாம். ராகத்துக்கு உயிரான கமகத்துக்கு இது அப்படியே பொருந்தியது. வில் போடுவதால் குரல் போலவே ஒலியை நீட்டிக்கொண்டே போகவும் முடியும்.

ஆனாலும் வாத்தியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை நம் ஆட்கள். மேற்கத்திய முறையில் வயலினின் நான்கு தந்திகள் ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி சேர்க்கப்படும். கர்நாடக வயலினில் அது ச-ப-ச-ப. பாடகரின் சுருதிக்கு ஏற்ப ஏறும், இறங்கும். மேற்கில் நின்றோ, நாற்காலியில் உட்கார்ந்தோ, தாடைக்குக் கீழே பிடித்து வாசிப்பார்கள். இங்கே சம்மணம் போட்டு, வயலினின் தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றிக்கொள்வார்கள். வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லாததால், அது தந்தி முழுக்க சுதந்திரமாக ஓடும்.

இதெல்லாம் ஒரே ஆள், ஒரே நாளில் செய்த மாற்றம் இல்லை. தலைமுறைகளாகப் படிந்து வந்தது. பாலுசுவாமி காலத்திலேயே, தஞ்சை நால்வரில் ஒருவரும் முத்துசுவாமியின் சீடருமான வடிவேலு வயலினில் பெயர் பெற்றார். 1834-ல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்த வயலின், தந்தத்தால் ஆனது!

பேஸ் வாசிப்பவருக்கு: பாட்டுக்கு ஏற்றபடி வாத்தியத்தை மாற்றுவதுதான் முறை, விலைப்பட்டியலைப் பார்த்து அல்ல. பேஸின் வழக்கமான சுருதி கீழிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜி. உங்கள் பாடகர் அடிக்கடி சுருதியைக் குறைத்துப் பாடுபவர் என்றால், கீழே ஒரு பி தந்தி கூடுதலாக உள்ள ஐந்து தந்தி பேஸ் உதவும். இல்லையென்றால் நாலே போதும். பளிச்சென்ற ஒலிக்கு ரவுண்ட்வூண்ட் தந்தி. பழைய பாடல்களின் மெத்தென்ற ஒலிக்கு ஃபிளாட்வூண்ட். ஃபிரெட் இல்லாத ஃபிரெட்லெஸ் பேஸில் கமகம் சுகமாக வரும். ஆனால், விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் அபஸ்வரம். முழு இரவுக் கச்சேரிக்கு அதை மட்டும் நம்பிப் போவது ரிஸ்க்.

1824: கரிசல் காட்டில் ஒரு வேலை

1817-ல் அப்பா ராமசுவாமி மறைந்தார். குடும்பம் பிரிந்தது. தம்பிகள் சின்னசுவாமியும் பாலுசுவாமியும் பிழைப்புத் தேடித் தெற்கே மதுரைப் பக்கம் வந்தார்கள். அங்கேதான் பெரிய அடி. சின்னசுவாமி மதுரையில் காலமானார். தனியாக நின்ற பாலுசுவாமிக்குக் கைகொடுத்தது எட்டயபுரம் சமஸ்தானம். 1824-ல் அவர் அங்கே ஆஸ்தான வித்வான் ஆனார். அப்போது வயது 38.

தஞ்சாவூர் அளவுக்குப் பெரிய அரண்மனை அல்ல. காவிரித் தண்ணீர் பாயும் ஊரும் அல்ல. வானம் பார்த்த பூமி. ஆனால், மாதா மாதம் அடுப்பெரியும், இசைக்கு மரியாதையும் உண்டு.

தம்பி எட்டயபுரத்தில் இருப்பது தெரிந்து, அவரைத் தேடிக்கொண்டு முத்துசுவாமியும் வந்தார். வரும் வழியில் வறண்டு கிடந்த நிலத்தைப் பார்த்து மனம் கசிந்து, அமிர்தவர்ஷினி ராகத்தில் பாடி மழை பெய்யவைத்தார் என்பது இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், அது மழைக்கு ஏங்கும் கரிசல் காட்டில் பிறந்த கதை என்பது கேட்டதும் புரியும்.

முத்துசுவாமி கடைசியாக மூச்சுவிட்டதும் எட்டயபுரத்தில்தான். 1835-ம் ஆண்டு, தீபாவளி நாள். இன்று இந்த வட்டாரம் ஆண்டு முழுக்க உழைப்பதே அந்த ஒரு நாளுக்காகத்தான். ஆனால், அன்று சிவகாசியில் பட்டாசுத் தொழில் கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தது 1920-களில்தான். வெளியே போய்க் கற்று, வானம் பார்த்த பூமியில் கொண்டுவந்து ஊன்றுவதில் பாலுசுவாமி அவர்களுக்கும் முன்னோடி என்றே சொல்லலாம்.

பேஸ் வாசிப்பவருக்கு: சின்ன ஊர் மேடையைக் குறைவாக நினைக்காதீங்க. அதற்குத் தயாராகப் போங்க. எல்லா மேடையிலும் பேஸ் ஆம்ப் இருக்காது. ஒரு டி.ஐ. பாக்ஸ் பையில் இருந்தால், நேராக மிக்ஸரில் இணைத்துவிடலாம். சாதாரண கிட்டார் ஆம்பில் பேஸைச் செருகிச் சத்தமாக வைத்தால் ஸ்பீக்கர் கிழியும். கல்யாண மண்டபத்தில் எதிரொலி அதிகம் என்பதால், கீழ் சுரங்கள் கலங்கி ஒரே இரைச்சலாகிவிடும். அங்கே சத்தத்தையும் குறைக்கணும், சுரங்களின் எண்ணிக்கையையும் குறைக்கணும். கூடுதலாக ஒரு கேபிள் கட்டாயம்.

பக்கவாத்தியம் என்றால் என்ன?

வயலின் நம் கச்சேரியில் நிலைத்தது தனி ஆவர்த்தனத்தால் அல்ல, பக்கவாத்தியமாகத்தான். பாடகர் பாடும்போது ஒரு நூல் இழை பின்னாலேயே போகும். அவர் மூச்சு வாங்கும்போது இடைவெளியை நிரப்பும். ஆலாபனையில் தன் முறை வந்தால் மட்டும் முன்னால் வரும். எப்போது வாசிக்கணும் என்பதைவிட, எப்போது அடங்கணும் என்று தெரிந்தவரே நல்ல பக்கவாத்தியக்காரர்.

பேஸின் வேலை இதில் ஒரு இடத்தில் மாறும். வயலின் பாடகரைப் பின்தொடரலாம்; பேஸ் பின்தங்கக் கூடாது. டிரம்ஸின் கிக் விழும்போதே உங்கள் சுரமும் விழணும். கார்டு மாறும் இடத்தை மற்றவர்களுக்குக் காட்டுவதும் நீங்கள்தான். ஆனால் அடிப்படை ஒன்றே: பாடகரின் வரி ஓடும்போது ஓட்டம் காட்டாதீங்க. உங்கள் திறமையைக் காட்ட, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே இடம் இருக்கு.

தாத்தா கொடுத்தது, பேரன் எழுதியது

அண்ணன் போன பிறகும் பாலுசுவாமி எட்டயபுரத்தை விட்டுப் போகவில்லை. இன்னும் 24 ஆண்டுகள், 1859-ல் மறையும் வரை அங்கேயே இருந்தார். மகள் வழிப் பேரன் சுப்பராமனை, 1839-ல் பிறந்தவர், தத்து எடுத்துக்கொண்டு இசை சொல்லிக்கொடுத்தார். அந்தப் பேரன்தான் பிற்காலத்தில் அதே சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்வானான சுப்பராம தீட்சிதர்.

இந்த இடம்தான் முக்கியம். முத்துசுவாமியின் பாடல்கள் சீடர்கள் வழியாகப் பல ஊர்களில் சிதறிக் கிடந்தன. வாய்மொழியாகப் போகும் பாட்டு, ஆளுக்கு ஆள் மாறும். ஆள் போனால் கூடவே போய்விடும். ஏ.எம். சின்னசாமி முதலியார் என்பவர் நம் பாடல்களை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் பதிப்பிக்கப் பாடுபட்டவர். குடும்பச் சொத்தாக இருந்த பாடல்களை அச்சில் கொண்டுவரச் சொல்லி சுப்பராமரை வற்புறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். அதன் பலனாக 1904-ல் எட்டயபுரத்திலேயே அச்சாகி வந்தது 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. தெலுங்கு எழுத்தில், முத்துசுவாமியின் 200-க்கும் மேற்பட்ட பாடல்கள், சுரக்குறிப்போடு. எந்தச் சுரத்தை எப்படி அசைக்கணும் என்று கமகத்துக்கும் தனிக் குறியீடுகள். பின்னாளில் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்திலும் கொண்டுவந்தது. முத்துசுவாமியின் பாடல்களில் எது சரியான பாடம் என்று சந்தேகம் வந்தால், வித்வான்கள் இன்றும் திறந்து பார்ப்பது இந்தப் புத்தகத்தைத்தான்.

கோட்டையில் வயலின் கற்ற தம்பிக்கு 1824-ல் எட்டயபுரத்தில் வேலை கிடைக்காமல் போயிருந்தால்? அண்ணன் அந்த ஊருக்கு வந்திருக்க மாட்டார். பேரன் அங்கே வளர்ந்திருக்க மாட்டார். இந்தப் புத்தகம் இப்படி வந்திருக்காது.

பேஸ் வாசிப்பவருக்கு: பேண்டு கலைவது சகஜம். வேலை மாறும், ஊர் மாறும், ஒருவர் பெங்களூரு போவார், ஒருவர் துபாய் போவார். அதனால் எழுதி வைங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி, வேகம், கார்டு வரிசை, எங்கே நிறுத்தணும் என்ற குறிப்பு, எல்லாம் ஒரே பக்கத்தில். ஒத்திகையை போனில் பதிவு செய்து, தேதி போட்டு, எல்லோருக்கும் பகிர்ந்துவிடுங்க. மேடையில் எல்லோரையும் கேட்டுக்கொண்டே வாசிப்பது பேஸ் வாசிப்பவர்தான். பாட்டின் எலும்புக்கூடு முழுசாகத் தெரிந்தவரும் பெரும்பாலும் அவர்தான். அந்தக் குறிப்பேடு உங்களிடம் இருந்தால், புதிதாக வரும் பாடகரும் டிரம்மரும் ஒரே மாலையில் தயாராகிவிடலாம்.

மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலையில் அருப்புக்கோட்டை தாண்டிப் போகிறவர்கள், எட்டயபுரத்தில் ஒரு பத்து நிமிடம் வண்டியை நிறுத்தலாம். முத்துசுவாமி தீட்சிதரின் நினைவிடம் அங்கே இருக்கிறது. அங்கே நிற்கும்போது, அந்த ஊருக்கு முதலில் வந்து சேர்ந்தது வயலின் வாசித்த தம்பி என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.