அனாதைச் சிறுவன் விட்டுச்சென்ற கணக்கு

ஓட்டமாவடியில் எடுத்த கல்யாண வீடியோ சிறிய கோப்பாகிக் கட்டாரிலுள்ள சகோதரனுக்குப் போய்ச் சேர்கிறதென்றால், அதற்குப் பின்னால் ஜோசப் ஃபூரியே இருக்கிறார்.

1768இல் பிரான்சில் தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். பத்து வயதளவில் தாயையும் தந்தையையும் இழந்தார். புரட்சிக் காலத்தில் சிறை கண்டார், நெப்போலியனுடன் எகிப்து சென்றார். வெப்பத்தை ஆராய்ந்தபோது, எந்த வடிவத்தையும் அலைகளின் கூட்டாக எழுதலாம் என 1807இல் முன்வைத்தார். கணித மேதை லக்ராஞ்ச் ஏற்கவில்லை. ஃபூரியே விடவில்லை, 1822இல் நூலாக்கினார். 1830இல் மறைந்தார்.

அந்த வழியில், பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, நடராஜன், ராவ் ஆகியோருடன் 1974இல் கோசைன் உருமாற்றத்தை வெளியிட்டார். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலைகளைக் கழித்தால் கோப்பு சிறுக்கும். அளவு மீறிக் கழித்தால், மணமகளின் முகமே கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.