பெனிக்குயிக் துரையும் பெரியாற்று நீரும்

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்குவார்க்கு ஏலமலைத் தொடர் ஒரு நெடுஞ்சுவரெனத் தோன்றும். தென்மேற்குப் பருவக்காற்றுத் தரும் மழையை அச்சுவர் தடுத்துக் கொள்ளுதலின், மலைமேல் ஏலம் செழிக்க, அடிவாரமோ மழை மறைவிற்பட்டு வறண்டது. அப்பாற் பொழியும் நீரை இப்பாற் கொணர்ந்து இவ்வறண்ட நாட்டை மனிதன் கையாலேயே ஓர் ஏதேன் ஆக்கலாம் என்பது பழங்கனவு. 1789-இல் இராமநாதபுரத்து அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை அதற்கு வழி தேடினார், பொருள் இடங்கொடுக்கவில்லை. 1808-இல் காப்டன் கால்டுவெல் ஆகாதென்று எழுதிவிட்டார்.

அதனை ஆக்கிக் காட்டிய ஜான் பெனிக்குயிக் 1841-இற் புனாவிற் பிறந்தவர். எட்டு வயது நிரம்புமுன்னரே, சில்லியன்வாலாப் போரில் தந்தையையும் தமையனையும் ஒருங்கே இழந்தார். 1860-இற் படைப் பொறியாளராய் இந்தியா போந்தார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் பெரியாற்றுத் திட்டத்தின் இன்றியமையாமையை உணர்த்திற்று. 1886-இல் திருவிதாங்கூர் 999 ஆண்டுக் குத்தகைக்கு நிலமளிக்க, மறு ஆண்டிற் பணி தொடங்கிற்று.

ஆயின் ஏதேனுக்குள் நுழைவது எளிதோ? சுற்றிலும் யானைக்காடு. இட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் வாரிச் சென்றது. மலைக்காய்ச்சலுக்கு இரையான கூலியாட்கள் நூற்றுக்கணக்கினர். அவர்தம் பெயரை நாம் அறிவோமா? மனைவியின் உடைமையை விற்றுத் துரை அணையைக் கட்டினார் என்று ஊரார் உரைப்பர். பணி நடந்தது அரசாங்கப் பொருளால். அக்கதையின்றியும் அவர் பெருமை குன்றாதென்பதே நம் கருத்து.

சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் 176 அடி உயர்ந்தது அணை. மலையைக் குடைந்த சுரங்கமோ ஒரு மைலுக்கும் மிகுந்தது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைக்க, மேற்கே கடலுக்கோடிய ஆறு கிழக்கே திரும்பிச் சுருளியோடு கூடி வைகையை அடைந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரை நாட்டிலும் நெல் விளைந்தது. போடியோ அந்நாளில் அந்நீரைக் காணவில்லை. மலைச்சுவரை அண்ணாந்து நோக்கியபடியே, தன் கொட்டகுடி ஆற்றையே நம்பி வாழ்ந்தது.

துரை பின்னர்க் கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரித் தலைவராயிருந்து, 1911-இற் கேம்பர்லியிற் காலமானார். 2013-இல் லோயர் கேம்பில் அவர்க்கு மணிமண்டபம் எழுந்தது. அவர் பிறந்த ஜனவரி 15-இல், பள்ளத்தாக்கின் உழவர் அந்நீரில் விளைந்த அரிசியைப் புதுப்பானையிலிட்டுப் பொங்குகின்றனர்.