விக்கிரம் சாராபாய்

விக்கிரம் அம்பாலால் சாராபாய் (ஆகஸ்ட் 12, 1919 - டிசம்பர் 30, 1971) இந்திய இயற்பியலாளர் ஆவார். இவர் இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார். ஏவூர்திகளாலும் செய்மதிகளாலும் இவரது பெயர் பரவலாக அறியப்பட்டாலும், இவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த துறை அண்டக் கதிர் இயற்பியல் ஆகும். 2023 இல் நிலவில் இறங்கிய இந்தியாவின் தரையிறங்கிக்கு இவரது பெயரே சூட்டப்பட்டது. அண்டக் கதிர்களை அளப்பதற்குப் புவியில் உள்ள இரு பெரும் தடைகளான வளிமண்டலமும் வலிய காந்தப்புலமும் நிலவில் இல்லை.

பிறப்பும் கல்வியும்

சாராபாய் அகமதாபாத் நகரில், ஆலை உரிமையாளரான அம்பாலால் சாராபாய்க்கும் சரளாதேவிக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் தம் இல்லத்திலேயே நடத்திய பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்றார். குஜராத் கல்லூரியில் பயின்றபின் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புனித ஜான் கல்லூரியில் சேர்ந்து 1940 இல் இயற்கை அறிவியலில் தேர்ச்சி பெற்றார். இரண்டாம் உலகப்போர் காரணமாக நாடு திரும்பிய அவர், பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் ச. வெ. இராமனின் மேற்பார்வையில் ஆய்வைத் தொடங்கினார். அண்டக் கதிர்க் கோட்பாட்டில் பெயர்பெற்ற ஓமி பாபாவும் அப்போது அங்கேயே பணியாற்றினார்.

1942 இல் நடனக் கலைஞர் மிருணாளினி சுவாமிநாதனைச் சென்னையில் மணந்தார். இவர்களுக்குக் கார்த்திகேயன், மல்லிகா என இரு மக்கள்.

அண்டக் கதிர் ஆய்வுகள்

அண்டக் கதிர்கள் என்பவை விண்வெளியிலிருந்து மிகுந்த ஆற்றலுடன் வரும் மின்னூட்டத் துகள்கள். இவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு புரோத்தன்கள். 1912 இல் விக்டர் எஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் பறந்து, உயரம் கூடக்கூட இக்கதிர்வீச்சும் கூடுவதைக் கண்டறிந்தார்.

இக்கதிர்களின் அளவு ஒரே நாளில் நேரத்துக்கு நேரம் எவ்வாறு மாறுகிறது என்பதே சாராபாயின் முதல் வினா. இது பற்றிய அவரது முதல் ஆய்வுக் கட்டுரை 1942 இல் வெளியானது. 1943 இல் காஷ்மீரின் உயர்ந்த மலைப்பகுதிக்குச் சென்று அளவீடுகள் செய்தார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, வெப்பமண்டல அகலாங்குகளில் அண்டக் கதிர்கள் குறித்த ஆய்வேட்டுக்காக 1947 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இவ்வாய்வில் இரண்டு இடர்ப்பாடுகள் இருந்தன. முதலாவது வளிமண்டலம். நம் தலைக்கு மேலுள்ள காற்று, ஏறத்தாழ 10 மீட்டர் ஆழமுள்ள நீருக்குச் சமமான எடை கொண்டது. விண்ணிலிருந்து வரும் துகள் காற்றின் அணுக்கருக்களில் மோதிச் சிதறுவதால், தரையில் உள்ள கருவி பெரும்பாலும் அதன் வழித்தோன்றல் துகள்களையே எண்ணுகிறது. காற்றழுத்தமும் வெப்பநிலையும் மாறினால் அந்த எண்ணிக்கையும் மாறும். சாராபாய் தேடிய அன்றாட மாற்றமோ ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானது. எனவே விண்வெளியில் நிகழும் மாற்றத்தைக் காற்றின் மாற்றத்திலிருந்து பிரித்தறிவதே இவ்வாய்வின் கடினமான பகுதியாக இருந்தது.

இரண்டாவது புவியின் காந்தப்புலம். இது மின்னூட்டத் துகள்களை வளைத்துத் திருப்பிவிடுகிறது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள தென்னிந்தியாவில் இத்தடை மிகுதி. உதகமண்டலத்தில் செங்குத்தாக வந்திறங்கும் புரோத்தனுக்குச் சுமார் 17 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலாவது வேண்டும். துருவப் பகுதிகளில் இத்தடை மிகக் குறைவு. இதனால் தென்னிந்திய நிலையங்கள் உயர் ஆற்றல் துகள்களைத் தனித்துக் காண ஏற்றவை. ஆனால் குறைந்த ஆற்றல் உடையவை இங்கு வந்து சேர்வதில்லை.

இயற்பியல் ஆய்வுகூடம்

சாராபாய் 1947 நவம்பர் 11 அன்று அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுகூடத்தை நிறுவினார். வளிமண்டல அறிஞர் க. ரா. இராமநாதன் அதன் முதல் இயக்குநரானார். அகமதாபாத், கொடைக்கானல், திருவனந்தபுரம், குல்மார்க் ஆகிய இடங்களில் அண்டக் கதிர் நிலையங்கள் இயங்கின. வெவ்வேறு அகலாங்குகளிலும் உயரங்களிலும் ஒரே காலத்தில் அளந்தால் காற்றின் விளைவைக் கழித்து எஞ்சியதைக் காண முடியும். எஞ்சிய மாற்றங்கள் சூரியனின் செயற்பாட்டுடன் தொடர்புடையவை என்பதைச் சாராபாயும் அவர் மாணவர்களும் ஆராய்ந்தனர். அம்மாணவர்களுள் உ. இரா. இராவ் குறிப்பிடத்தக்கவர். பின்னாளில் 1975 இல் ஏவப்பட்ட இந்தியாவின் முதல் செய்மதியான ஆரியபட்டாவை உருவாக்கிய குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார்.

விண்வெளித் திட்டம்

1962 இல் அமைக்கப்பட்ட இந்திய தேசிய விண்வெளி ஆய்வுக் குழுவுக்குச் சாராபாய் தலைவரானார். காந்த நடுக்கோட்டை ஒட்டிய தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ஆய்வு ஏவூர்தி செலுத்தப்பட்டது. ஓமி பாபா 1966 இல் வானூர்தி விபத்தில் மறைந்தபின் அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் இவரிடம் வந்தது. இந்திய விண்வெளி ஆய்வு மையம் 1969 ஆகஸ்ட் 15 அன்று தோற்றுவிக்கப்பட்டது.

வறுமை மிகுந்த நாட்டுக்கு விண்வெளி ஆய்வு தேவையா என்ற வினா அக்காலத்தில் எழுந்தது. பிற நாடுகளுடன் நிலவுப் பயணத்தில் போட்டியிடுவது தம் நோக்கமன்று என்றும், தொலைத்தொடர்பு, கல்வி, வானிலை ஆகியவற்றுக்கு இத்தொழில்நுட்பம் பயன்பட வேண்டும் என்றும் சாராபாய் விளக்கினார். 1971 டிசம்பர் 30 அன்று திருவனந்தபுரம் அருகே கோவளத்தில் தமது 52 ஆம் அகவையில் காலமானார்.

நிலவும் அண்டக் கதிர்களும்

நிலவின் தரையை அண்டக் கதிர்கள் நேரடியாகத் தாக்குகின்றன. அப்பல்லோ பயணங்களில் கொண்டுவரப்பட்ட நிலவுப் பாறைகளின் கனிமங்களில் இத்துகள்கள் பதித்த நுண்ணிய தடங்கள் காணப்பட்டன. திண்டிவனத்தை அடுத்த திருவக்கரையில் உள்ள கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காட்டின் சான்றாக நிற்பதைப் போல, அப்பாறைகள் பழங்காலக் கதிர்வீச்சின் சான்றாக விளங்குகின்றன. சாராபாய்க்குப் பின் 1972 இல் இயற்பியல் ஆய்வுகூடத்தின் இயக்குநரான தேவேந்திர லால் இத்தடங்களை ஆராய்ந்தவர்களுள் ஒருவர்.

நிலவை நிலையான அண்டக் கதிர் நோக்ககமாகப் பயன்படுத்தும் எண்ணத்திற்குச் சில தடைகளும் உண்டு. நிலவே வானத்தின் பாதியை மறைத்துவிடும். தரையில் மோதும் துகள்கள் நியூத்திரன்கள் முதலியவற்றை மேல்நோக்கித் தெறிக்கச் செய்வதால் அவற்றைப் பிரித்தறிய வேண்டும். இரவு சுமார் 14 புவி நாட்கள் நீடிப்பதால் கருவிகள் கடுங்குளிரைத் தாங்க வேண்டும். சீனாவின் சாங்'இ-4 தரையிறங்கியில் இருந்த செருமானியக் கருவி 2019 இல் அளந்த கதிர்வீச்சு, பன்னாட்டு விண்வெளி நிலையத்தினுள் உள்ளதைப் போல ஏறக்குறைய 2.6 மடங்கு ஆகும். ஆகவே, அங்கு பணியாற்றக்கூடிய மனிதரின் பாதுகாப்புக்கும் இவ்வளவீடுகள் இன்றியமையாதவை.

2008 இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 நிலவைச் சுற்றியபடி பல்கேரியக் கருவி ஒன்றினால் கதிர்வீச்சை அளந்தது. சந்திரயான்-2 இன் விக்ரம் தரையிறங்கி 2019 செப்டம்பர் 7 அன்று தரையில் மோதிச் சிதைந்தது. அதே பெயருடைய சந்திரயான்-3 இன் தரையிறங்கி 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்முனைப் பகுதியில் பாதுகாப்பாக இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். தொடருந்துப் பள்ளியில் பயின்று, பட்டயப் படிப்பையும் அந்நகரிலேயே முடித்தவர். பிரக்யான் உலவியில் இருந்த எக்சு கதிர்க் கருவி, சாராபாய் நிறுவிய இயற்பியல் ஆய்வுகூடத்தில் உருவானது. அது நிலவு மண்ணின் தனிமங்களை ஆராய்ந்தது.

சிறப்புகள்

சாராபாய்க்கு 1962 இல் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசும், 1966 இல் பத்ம பூசண் விருதும், மறைவுக்குப் பின் 1972 இல் பத்ம விபூசண் விருதும் வழங்கப்பட்டன. திருவனந்தபுரத்திலுள்ள விண்வெளி மையம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது. நிலவில் மாரே செரனிட்டாட்டிஸ் எனும் கருஞ்சமவெளியில் சுமார் 8 கிலோமீட்டர் விட்டமுள்ள பள்ளம் ஒன்றுக்கு 1973 இல் சாராபாய் எனப் பெயரிடப்பட்டது.