உறவின் தூரத்தை அளந்த அலன் வில்சன்

செம்மணிப் புதைகுழி பற்றிப் பேசும் இடமெல்லாம் மரபணுப் பரிசோதனை என்ற சொல்லும் அடிபடுகிறது. அந்த அறிவியல் எங்கிருந்து வந்தது எனத் தேடி வாசித்தபோது நான் அறிந்துகொண்டவர்களில் முக்கியமானவர் அலன் வில்சன்.

1934 இல் நியூசிலாந்தில் பிறந்து, பண்ணையொன்றில் வளர்ந்தவர். அமெரிக்காவின் பேர்க்லியில் கலாநிதிப் பட்டம் பெற்று அங்கேயே பேராசிரியரானார்.

உயிரினங்களின் வம்சத்தை அறிய அன்று பெரும்பாலும் எலும்புகளையும் பற்களையுமே ஒப்பிட்டார்கள். வில்சன் குருதியைப் பார்த்தார். மனிதக் குருதியிலுள்ள அல்புமின் புரதத்தை முயலுக்கு ஏற்றினால், அதன் உடலில் பிறபொருளெதிரிகள் உருவாகும். அவை மனித அல்புமினை இறுகப் பற்றும். வேறு விலங்குகளின் அல்புமினுடன், உறவு விலக விலகப் பிடி தளரும். அந்தத் தளர்ச்சியை எண்ணாக்கினால் அதுவே இரு இனங்களுக்கிடையிலான தூரம். தூரம் குறைந்த இனங்களை முதலில் இணைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போனால் வம்ச மரம் கிடைக்கும்.

மனிதனும் ஆபிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து சுமார் 50 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன என்று 1967 இல் அவரும் வின்சன்ட் சாரிச்சும் எழுதினார்கள். அந்தப் பிரிவு மிகவும் பழைமையானது என நம்பிய புதைபடிவ ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. அவர்களின் கருத்து மாறப் பல ஆண்டுகள் எடுத்தன.

பின்னர் அவரது குழு, தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் இழைமணி டி.என்.ஏயை எடுத்துக்கொண்டது. 147 பேரின் மாதிரிகளை ஒப்பிட்டு, இன்றுள்ள எல்லோரின் தாய்வழியும் ஏறத்தாழ 2 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் சேர்கிறது என்று 1987 இல் அறிவித்தது.

வில்சனின் மாணவி மேரி கிளயர் கிங் 1984 இல் ஆர்ஜென்ரீனா சென்றார். இராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குழந்தைகளை அங்கே பாட்டிமார் தேடிக்கொண்டிருந்தார்கள். தாய் இல்லாவிட்டாலும் தாயின் தாயிடம் அதே இழைமணி டி.என்.ஏ இருக்கும் என்பது அந்தத் தேடலுக்குக் கைகொடுத்தது. இதுவரை 130 இற்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டுள்ளார்கள்.

வில்சன் 1991 இல், 56 வயதில், குருதிப் புற்றுநோயால் இறந்தார்.

இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. ஒரே தாய்வழியினர் எல்லோருக்கும் இந்த டி.என்.ஏ பொதுவானது என்பதால், ஒருவரை உறுதிசெய்ய வேறு சோதனைகளும் தேவை. ஆனால் பழைய எலும்பிலும் அது எஞ்சியிருக்கக்கூடும்.

பிள்ளையைத் தேடியே கண்மூடிய தாய்மார் எங்களிடம் பலர். அவர்களின் மற்றப் பிள்ளைகளிடமும் கூடப்பிறந்த சகோதரிகளிடமும் அதே டி.என்.ஏ இருக்கிறது. அந்த மாதிரிகளை முறைப்படி பெற்றுப் பாதுகாக்குமாறு நாங்கள் இப்போதே கேட்கவேண்டும். ஒப்பிட உறவினரின் மாதிரி இல்லையென்றால், கண்டெடுக்கப்படும் எலும்புக்குப் பெயர் கிடைக்காது.