விற்க விரும்பாத விஞ்ஞானி

கம்பியில்லாத் தந்தியின் முன்னோடிகளுள் ஒருவர் நம் நாட்டு மேதை ஜகதீச சந்திர போஸ். 1858-ஆம் ஆண்டு வங்காளத்தில் பிறந்த இவர், கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1895-ல் கண்ணுக்குப் புலப்படாத மின்னலைகளைச் சுவர்களைக் கடந்து செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார்.

அவ்வலைகளை உணரும் கலீனாப் படிகக் கருவியையும் உருவாக்கினார். ஆனால் அதை விற்றுப் பொருள் ஈட்ட அவர் மனம் ஒப்பவில்லை. அறிவு உலகுக்கே பொது என்பது அவர் கொள்கை. சகோதரி நிவேதிதையும் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தவே, 1901-ல் அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1904-ல் காப்புரிமையும் கிடைத்தது. அவரோ அதைப் பயன்படுத்தவே இல்லை.

அமெரிக்கரான பிக்கார்டு 1906-ல் சிலிக்கான் படிகக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். நண்பர்களுடன் நிறுவனம் அமைத்து விற்பனையும் செய்தார். பின்னாளில் படிக வானொலி வீடுகளில் ஒலித்தபோது போஸை நினைத்தவர் சிலரே.

1917-ல் கல்கத்தாவில் ஆய்வு நிலையம் நிறுவிய போஸ் 1937-ல் மறைந்தார். அவருடைய தன்னலமின்மை போற்றத்தக்கது. ஆயினும் காப்புரிமைப் பத்திரம் மட்டும் ஒரு கருவியை மக்களிடம் சேர்த்துவிடாது; அதைச் செய்து விற்கும் உழைப்பும் வேண்டும். நாளை நம்மூரில் நீங்கள் புதியதொன்று கண்டால், கொடுப்பதாயினும் காப்பதாயினும் விவரம் அறிந்து முடிவு செய்யுங்கள்.