நூர் இனாயத் கான்: எது வரலாறு, எது சினிமா?

‘கபாலி’யில் குமுதவல்லியாக வந்த ராதிகா ஆப்தே, 2019-ல் ‘எ கால் டு ஸ்பை’ என்ற ஆங்கிலப் படத்தில் நூர் இனாயத் கானாக நடித்தார். இரண்டாம் உலகப்போரின்போது, நாஜிகள் பிடித்து வைத்திருந்த பாரிஸுக்குள் போய் பிரிட்டனுக்காக ரகசிய வயர்லெஸ் இயக்கிய பெண் நூர். படம் பார்த்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி, இதெல்லாம் நிஜமாவே நடந்ததா என்பதுதான்.

நூர் நிஜம். பாரிஸும் வயர்லெஸும் அவருடைய முடிவும் நிஜம். ஆனால் படத்தில் அவருடைய தோழியாக வரும் அமெரிக்கப் பெண் உளவாளி வர்ஜீனியா ஹால், 1942 நவம்பரிலேயே பிரான்ஸிலிருந்து தப்பி பைரனீஸ் மலையைத் தாண்டி ஸ்பெயினுக்குப் போய்விட்டார். நூர் பிரான்ஸில் இறங்கியது 1943 ஜூனில். இருவரும் ஒரே களத்தில் ஒன்றாக வேலை பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அதே மாதிரி, நூரை நேர்காணல் செய்து தேர்ந்தெடுத்தவர் படத்தில் வரும் வேரா அட்கின்ஸ் அல்ல, செல்வின் ஜெப்சன் என்ற எழுத்தாளர். மூன்று பெண்களின் கதையை இரண்டு மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்றால் இப்படித்தான் முடிச்சுப் போடுவார்கள். இதைப் பெரிய குற்றமாகச் சொல்ல வேண்டியதில்லை. நூரைப் பற்றிய வீரக்கதைகளில் பொதுவாகவே சுருங்கிப் போகிற ஒரு விஷயம் இருக்கிறது. அதுதான் முக்கியம்.

திப்புவின் வாரிசா?

நூர் 1914-ல் மாஸ்கோவில் பிறந்தார். கிரெம்ளின் மாளிகையிலேயே பிறந்தார் என்று சில இடங்களில் படிக்கலாம். அது கட்டுக்கதை. அப்பா ஹஸ்ரத் இனாயத் கான், பரோடாவைச் சேர்ந்த இசைக் கலைஞர், சூஃபி ஞானத்தை மேலைநாடுகளுக்குக் கொண்டுபோனவர். அம்மா ஓரா ரே பேக்கர், அமெரிக்கர். அப்பாவின் தாய்வழியில் திப்பு சுல்தானின் வம்சம் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவது. அதனால்தான் நூருக்கு ‘இளவரசி’ பட்டம். நம்ம ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு அவருடைய பிள்ளைகளை ஆங்கிலேயர்கள் வேலூர் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அதே ஆங்கிலேய அரசுக்காக அந்த வம்சத்துப் பெண் உளவாளியானார் என்பது விசித்திரம்தான்.

அரண்மனை வாழ்க்கை எதுவும் நூருக்குக் கிடையாது. பாரிஸை ஒட்டிய சுரேன் ஊரில் வளர்ந்தார். 1927-ல் அப்பா டெல்லியில் இறந்துபோக, அம்மா துக்கத்தில் ஒடுங்கிப் போனார். பதின்மூன்று வயதுப் பெண், இரண்டு தம்பிகளையும் ஒரு தங்கையையும் கவனித்துக்கொள்ள வேண்டியதானது. சோர்போனில் குழந்தை உளவியல் படித்தார், வீணை மாதிரி ஹார்ப் மீட்டினார், வானொலிக்குச் சிறுவர் கதை எழுதினார். புத்த ஜாதகக் கதைகள் இருபதை ஆங்கிலத்தில் மறுபடி சொல்லி 1939-ல் புத்தகமாக வெளியிட்டார். அகிம்சையை நம்பிய வீடு அது.

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததும் குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியது. வேடிக்கை பார்க்க முடியாது என்று நூரும் தம்பி விலாயத்தும் முடிவெடுத்தார்கள். பிரிட்டிஷ் விமானப் படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து வயர்லெஸ் கற்றுக்கொண்டார் நூர். அதிகாரிப் பதவிக்கான நேர்காணலில், போர் முடிந்தால் இந்திய விடுதலைக்குத்தான் துணை நிற்பேன் என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னவர். பிரெஞ்சு சரளமாகப் பேசுவார், வயர்லெஸும் தெரியும். எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்பு அவரைத் தேடி வந்ததற்கு அது போதும்.

பயிற்சியாளர்களின் அறிக்கைகள் அவ்வளவு நல்லதாக இல்லை. ரகசியம் காப்பதில் கவனக்குறைவு, துப்பாக்கி என்றால் பயம், பொய் சொல்ல வராது என்றெல்லாம் எழுதினார்கள். பிரெஞ்சுப் பிரிவின் தலைவர் மாரிஸ் பக்மாஸ்டர் அதை ஏற்கவில்லை. ஆபரேட்டர்களுக்கு அவ்வளவு பஞ்சம். பயிற்சி முழுசா முடியும் முன்பே, 1943 ஜூன் 16 இரவு லைசாண்டர் விமானம் ஒன்று அவரை ஆன்ஜேர் அருகே ஒரு வயலில் இறக்கிவிட்டது. ரகசியப் பெயர் மேடலைன்.

மூன்றரை மாதங்கள்

வந்து சில நாட்களிலேயே பாரிஸ் வலைப்பின்னல் மொத்தமும் சரிந்தது. தலைவர், ஆபரேட்டர்கள் எல்லோரும் பிடிபட்டார்கள். திரும்பி வா என்று லண்டன் சொல்லியும் நூர் மறுத்தார். ஒரு கட்டத்தில் பாரிஸிலிருந்து எஸ்.ஓ.இ.க்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். கிட்டத்தட்ட 15 கிலோ சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறினார். அலைவரிசையை மோப்பம் பிடிக்கும் ஜெர்மானிய வேன்கள் தெருவில் சுற்றும், அதனால் ஒரே இடத்தில் நீண்ட நேரம் தட்ட முடியாது. ஒரு வயர்லெஸ் ஆபரேட்டர் பிடிபடாமல் தாக்குப்பிடிப்பது சராசரியாக ஆறு வாரம்தான் என்ற நிலை. மெட்ரோ ரயிலில் இரண்டு ஜெர்மானிய வீரர்கள் பெட்டியில் என்ன என்று கேட்டபோது, சினிமா கருவி என்று சொல்லித் தப்பித்தாராம். பொய் சொல்லத் தெரியாதவர் என்று எழுதிக்கொடுத்த பயிற்சியாளர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

அக்டோபரில், பணத்துக்காக ஒருவர் காட்டிக்கொடுக்க, பிடிபட்டார். அவென்யூ ஃபோஷ் 84-ம் எண் கட்டடத்தில் விசாரணை. வந்த அன்றே குளியலறை ஜன்னல் வழியாகத் தப்பப் பார்த்தார். நவம்பர் 25-ல் இன்னும் இரண்டு கைதிகளோடு கூரை வழியாக ஏறியே விட்டார். அந்த நேரம் பார்த்து விமானத் தாக்குதல் சைரன் ஒலிக்க, காவலர்கள் கைதிகளை எண்ணிப் பார்த்துவிட்டார்கள். இனி தப்ப மாட்டேன் என்று எழுதிக்கொடுக்கச் சொன்னபோது மறுத்தார். விளைவு, ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் கை கால் விலங்கோடு பத்து மாதம் தனிமை.

விசாரணையில் அவர் எதுவும் சொல்லவில்லை என்பதை விசாரித்த ஜெர்மானிய அதிகாரியே போருக்குப் பிறகு ஒப்புக்கொண்டார். வீரக்கதை பெரும்பாலும் இதோடு திருப்தி அடைந்துவிடும்.

அந்த நோட்டுப் புத்தகம்

நூர் அனுப்பிய செய்திகளையெல்லாம், சங்கேதத்தோடு சேர்த்து, ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அழித்திருக்க வேண்டும். லண்டன் கொடுத்த எழுத்து உத்தரவில் இருந்த ஒரு ஆங்கிலச் சொல், செய்திகளைப் பத்திரமாகக் கோப்பில் வை என்று படிக்கும்படி இருந்ததை எஸ்.ஓ.இ.யின் வரலாற்றை எழுதியவர்களே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நோட்டு ஜெர்மானியர் கையில் சிக்கியது. அவர் வாய் திறக்காமலேயே, அவர் தட்டுவது போலத் தட்டி லண்டனோடு பேச ஆரம்பித்தார்கள்.

சோனியா ஓல்ஷனெஸ்கி என்ற உள்ளூர்ப் பெண் முகவர், மேடலைன் பிடிபட்டுவிட்டார் என்று அந்த அக்டோபரிலேயே தகவல் அனுப்பினார். லண்டனுக்கு அவர் யாரென்று தெரியவில்லை, அதனால் நம்பவில்லை. 1944 பிப்ரவரி கடைசியில், நூரின் வயர்லெஸ் மூலம் பேசி முடித்த இடத்தில் மூன்று பேர் பாராசூட்டில் இறங்கினார்கள். கீழே காத்திருந்தவர்கள் ஜெர்மானியர்கள். இறங்கிய மூவரில் ஒருவர் மேடலைன் டாமர்மான்.

1944 செப்டம்பர் 13, டாக்காவ் வதை முகாம். சுட்டுக் கொல்லப்பட்ட நான்கு பெண்களில் ஒருவர் நூர், இன்னொருவர் டாமர்மான்.

நோட்டை எழுதியது நூர்தான். அரைகுறைப் பயிற்சியோடு அனுப்பியதும், வந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு ஆள் இறக்கியதும் லண்டன். என் கணக்கில் பெரிய பழி யாருடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நூரைக் குறையே இல்லாத தேவதையாக்கும் கதையில் நோட்டு காணாமல் போகும். நோட்டு போனால் லண்டனின் தவறும் சேர்ந்து போய்விடும். 1950-ல் ‘ஓடெட்’ என்ற படம் வந்தது, நூரைப் போலவே எஸ்.ஓ.இ.யில் இருந்த ஒரு பெண்ணின் கதை. அதில் பக்மாஸ்டர் பாத்திரத்தில் நடித்தது யார் தெரியுமா? பக்மாஸ்டரேதான். அந்தக் காலப் படங்கள் தலைமையகத்தை எப்படிக் காட்டியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். நூரின் தனிக் கோப்பு பொதுப் பார்வைக்கு வந்தது 2003-ல். ஷ்ரபனி பாசுவின் வாழ்க்கை வரலாறு வந்தது 2006-ல்.

கடைசி நிமிடம்

நூரின் மரணத்துக்கும் இரண்டு பாடம் உண்டு. நான்கு பெண்களும் இருவர் இருவராகக் கைகோத்து மண்டியிட்டார்கள், பின்கழுத்தில் சுடப்பட்டார்கள் என்பது ஒன்று. இரவெல்லாம் அடிக்கப்பட்டு, விடுதலை என்று பிரெஞ்சில் சொல்லி இறந்தார் என்பது, பெயர் வெளியிடாத ஒரு முன்னாள் கைதி 1958-ல் எழுதியது. சினிமாவுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். வரலாற்றுக்கு ஒரே ஒரு சாட்சி போதாது.

இந்த டாக்காவ் தகவல்கூட உடனே கிடைக்கவில்லை. 1944 ஜூலையில் நாட்ஸ்வைலர் முகாமில் கொல்லப்பட்ட நான்கு பெண்களில் நூரும் ஒருவர் என்றுதான் வேரா அட்கின்ஸ் முதலில் முடிவுசெய்திருந்தார். ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் இருந்த ஒரு பிரெஞ்சுக் கைதியின் கடிதம் அதை மாற்றியது. சாப்பாட்டுக் கிண்ணத்தின் அடியில் நோரா பேக்கர் என்ற பெயரையும் லண்டன் முகவரியையும் கீறி அனுப்பியிருந்தார் நூர். செப்டம்பர் வரை அந்தச் சிறையில் இருந்தவர் ஜூலையில் வேறு முகாமில் இறந்திருக்க முடியாது. 1949-ல் ஜார்ஜ் கிராஸ் விருது அறிவிக்கப்பட்டபோது விவரம் சரியாகிவிட்டது.

அப்படியானால் நாட்ஸ்வைலரில் நூர் என்று கருதப்பட்ட அந்தப் பெண் யார் என்று தேடினார்கள். அவர் சோனியா ஓல்ஷனெஸ்கி, நூர் பிடிபட்டதை லண்டனுக்கு எச்சரித்தவர்.