அணையா அடுப்பு

நுழையும்முன்

பெரியோரைப் போற்றுதல் எளிது. அவர் நெறியில் ஓரடியேனும் எடுத்து வைத்தல் அரிது. தம்மை வணங்க வந்தவர்களின் பார்வையைப் பசித்தவர்பால் திருப்பியவர் இராமலிங்க அடிகள். வள்ளலார் எனத் தமிழுலகம் கொண்டாடும் அவருடைய வாழ்வு, ஆன்மிகம் என்பது அன்றாடச் செயலே என்பதை உணர்த்துகிறது.

புழக்கடைச் சோறு

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று இராமையா – சின்னம்மை இணையருக்கு இராமலிங்கர் பிறந்தார். பிறந்த சில திங்களிலேயே தந்தை மறைந்தார். குடும்பம் பின்னர்ச் சென்னை ஏழுகிணறுப் பகுதியில் குடியேறியது. புராணச் சொற்பொழிவு ஆற்றி அக்குடும்பத்தைக் காத்தவர் மூத்த அண்ணன் சபாபதி. தம்பியைக் கற்றவனாக்க விரும்பிய அவர், தம் ஆசிரியராகிய காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். சிறுவனின் உள்ளமோ ஏட்டில் தங்கவில்லை. கந்தகோட்டத்து முருகன் திருமுன்னில் நின்று பாடுவதிலேயே திளைத்தது. அதனால் சினந்த அண்ணன், தம்பிக்கு வீட்டில் சோறிடலாகாது எனத் தடுத்தார்.

அண்ணியாரின் மனம் அதற்கு இசையவில்லை. கணவர் அறியாமல் புழக்கடை வழியே கொழுந்தனுக்கு உணவளித்து வந்தார். தந்தையின் நினைவுநாளன்று வீட்டில் பலரும் விருந்துண்ண, வீட்டுப்பிள்ளை மட்டும் புறவாயிலில் நிற்பதைக் கண்டு அவர் கண்ணீர் சொரிந்தார். வீட்டிலேயே தங்கிப் படிக்குமாறு வேண்டினார். தம் பொருட்டுப் பிறர் வருந்துவதைப் பொறாத இராமலிங்கர் உடனே இசைந்தார். தனியறை ஒன்றைக் கேட்டுப் பெற்று, நிலைக்கண்ணாடியும் விளக்கும் வைத்துத் தியானத்தில் அமர்ந்தார் என அவர்தம் வரலாறு கூறுகிறது. பின்னாளில் அவர் ஏற்றிய அடுப்பின் முதற்பொறி, அந்தப் புழக்கடையிலேயே தோன்றியது எனலாம்.

போற்றியதும் பின்பற்றியதும்

இராமலிங்கர் தம் வழிகாட்டியாகத் திருஞானசம்பந்தரைக் கொண்டார். மணிவாசகரின் பாடல்களில் உருகினார். ஒருநாள் அண்ணன் நோயுற்றபோது, அவருக்கு மாற்றாகச் சென்று சம்பந்தர் வரலாற்றைச் சொற்பொழிவாக வழங்கினார். முறையாகப் பள்ளியில் பயிலாத இளைஞரின் புலமை கேட்டோரை வியப்பில் ஆழ்த்தியது. முன்னோர் பாடிய நெறியில் தாமும் பாடினார். ஆயினும் பாடுவதோடு நின்றுவிடவில்லை.

1858இல் சென்னையை நீங்கிய அவர், தலங்களை வழிபட்டுக் கருங்குழியில் தங்கினார். காவி உடுத்தவில்லை, தலையையும் மூடிய வெள்ளாடையே அவர் கோலமாயிற்று. அவருடைய பாடல்களை நூலாக்க விரும்பிய இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் கைக்கு வரும்வரை நாளும் ஒருவேளை மட்டுமே உண்பதென உறுதிபூண்டார். அச்செய்தி அடிகளை வருத்தியது. தம் பாடலுக்காக ஒருவர் வயிறு வாடுவதை ஏற்காத அவர், வெளியிட இசைவளித்து, அந்நோன்பைக் கைவிடுமாறு கடிதம் எழுதினார். தம்மைச் சாமி எனக் குறிப்பிடுதல் ஆரவாரம் எனக் கருதி, அதனையும் தவிர்க்கச் செய்தார். தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுத்த திருவருட்பா 1867இல் வெளிவந்தது.

வடலூரில் எரிந்த தீ

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சங்கள் தமிழகத்தை அடுத்தடுத்து வாட்டின. பசி வந்தால் அறிவு மயங்கும்; மானம் குலையும்; கடவுள் நினைவும் அகலும் என்பதை அடிகள் நன்குணர்ந்தார். ஆகவே, பசித்தவர்க்கு உணவளிப்பதையே இறைவழிபாட்டின் திறவுகோலாகக் கண்டார். உண்ண வருவோரின் ஊர், சாதி, சமயம் எதனையும் வினவலாகாது என்பது அவர் கொள்கை.

1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை அவர் நிறுவினார். வடலூர்ப் பகுதி மக்கள் மனமுவந்து 80 காணி நிலம் அளித்தனர். அங்கு 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் அன்னம் வழங்கி வருகிறது. எளியோரும் திருக்குறள் கற்க வகுப்பு நடத்தச் செய்தார். 1872 தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் சோதி வழிபாடு தொடங்கியது. அதனை மறைக்கும் ஏழு திரைகள், மனிதரின் அறியாமையைக் குறிப்பனவாகும்.

விட்டுச்சென்ற விளக்கு

தம்மைத் தேடி வந்தோர் பலர். தம் நெறியை வாழ்வாக்கியோர் சிலரே என்னும் வருத்தம் அடிகளுக்கு இருந்தது. அற்புதங்களை எதிர்பார்த்து வந்தவர்களுக்கும் அவர் இரக்கத்தையே கற்பித்தார். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியேற்றி உரையாற்றினார். தம் அறையிலிருந்த விளக்கைப் புறத்தே வைத்து, அதனையே வழிபடுமாறு அன்பர்களைப் பணித்தார். தம் உருவத்தை வணங்கச் சொல்லவில்லை. 1874 சனவரி 30 அன்று அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். மீண்டும் அவரை எவரும் கண்டிலர்.

ஒரு பெண்மணி மறைவாக இட்ட சோறு, ஒரு சிறுவனைக் காத்தது. அச்சிறுவன் வளர்ந்து எண்ணற்றோர்க்கு வெளிப்படையாகச் சோறிட்டார். அவரை வியப்போர், தம் வாயிலில் நிற்கும் ஒருவரின் பசியையேனும் தணிப்பின் அதுவே அவருக்குச் செய்யும் உண்மையான வணக்கமாகும்.